அலீம் பாயின் காது

“கடைசிக் கச்சேரி வரைக்கும் அலீம் பாயோட காது தப்பே பண்ணலை” என்று மைக்கில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அழகேசன் மேடையிலிருந்து இறங்கினான். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்த அரங்கில் அன்று மாலை இசை விழா தொடங்குகிறது. அதற்கு முன், போன மாதம் இறந்துபோன ஒலியமைப்பாளர் அப்துல் அலீமை நினைத்து ஒரு சிறு கூட்டம். பாடகர்கள் முதல் நாற்காலி போடுகிறவர் வரை எல்லோரும் அந்தக் காதைத்தான் புகழ்ந்தார்கள்.

பாய்க்குப் பல வருஷமாகக் காது மந்தம். அவர் சவுண்ட் மிக்ஸரில் வைத்துவிட்டுப் போகிற அளவில் வீணை அமுங்கிப்போகும், மைக் கிறீச்சிடும். அவர் அந்தப் பக்கம் போனதும் உதவியாளனான அழகேசன் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவான்.

பாராட்டு அவருக்குப் போகும். இந்த வேலை இல்லாவிட்டால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

விழாச் செயலாளர் ரத்னவேல் அவனை ஓரமாக அழைத்தார். “அழகேசன், இந்த வருஷத்தோட சரி. இனிமே சவுண்டை வெளிக் கம்பெனிகிட்ட குடுக்கப் போறோம். பாய் முகத்துக்காகத்தான் இவ்வளவு நாள் இழுத்தோம். அவர் காது மாதிரி வேற யாருக்கு வரும் லா?”

அது என் காது என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சற்றுத் தள்ளி பாயின் மனைவி நஃபீசா, கணவரின் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சரிங்கண்ணே” என்றான்.

நஃபீசா தஞ்சோங் பகாரில் உள்ள வீட்டுக்குத் திரும்ப வேண்டும். படத்தை வாங்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் வரை உடன் நடந்தான். காலையிலிருந்து ஒயர் இழுத்ததில் தோள் இற்றுப்போயிருந்தது. இனி என்ன வேலை தேடுவது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

“தம்பி, மேடையில எதுக்குப் பொய் சொன்னே?”

அழகேசன் நின்றுவிட்டான். “என்னக்கா சொல்றீங்க?”

“வீட்ல காலிங் பெல் அடிச்சாலே அவங்களுக்குக் கேக்காது. கச்சேரியில எல்லாத்தையும் சரிபண்றது நீதான். அதுவும் அவங்களுக்குத் தெரியும்.”

பச்சை விளக்கு எரிந்தும் இருவரும் சாலையைக் கடக்கவில்லை.

“தெரிஞ்சுமா வந்தாரு? கடைசியில படியேறவே முடியலையேக்கா. மூச்சு வாங்க வாங்க உக்காந்திருப்பாரு. பேசாம வேலைய விட்டு நின்னிருக்கலாமே.”

“நானும் அதச் சொல்லித்தான் தினம் அழுதேன். கேட்டாத்தானே.” நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “‘நான் நின்னுட்டா அழகேசனையும் நிறுத்திருவாங்க நஃபீசா’ம்பாங்க.”