முப்பத்தோரு டேக்

"உன் பழைய பொண்டாட்டியைப் படத்துலேர்ந்து இன்னிக்கே தூக்கிடு. உனக்கு இது கசக்கவா போகுது?" என்றார் டைரக்டர்.

எடிட்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விவாகரத்து கிடைத்த அன்று யூனிட் முழுக்க டீ வாங்கிக் கொடுத்த ஆள் அவர். அந்த டீயை டைரக்டரும் குடித்திருக்கிறார்.

ஒரு பெரிய நகரம், அதில் நாலு பேர் கதை. டாக்ஸி டிரைவர், வாடகை வீட்டு ஓனர், ஓடிப்போன மகளைத் தேடும் அப்பா, ஒரு நர்ஸ். கடைசியில் நாலு பேரும் ஒரே சிக்னலில் வந்து மாட்டிக்கொள்வார்கள். படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டி இழுத்ததால், ஒரு கதையைக் கழித்தே ஆகவேண்டும் என்று தயாரிப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். எது என்று முடிவாகாமல் நகரமாட்டேன் என எடிட்டிங் அறை சோபாவிலேயே சட்டமாக உட்கார்ந்தும் விட்டார்.

"நர்ஸைத் தூக்கினா சிக்னல்ல அடிபடறது யாரு சார்? மத்த மூணு பேரும் எதுக்கு வண்டியை நிறுத்தறாங்க?"

"யாரோ ஒருத்தி அடிபட்டுட்டான்னு போன்ல சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் பொறுமையா உக்காந்திருந்தவன் சீட்டைக் கிழிப்பான்."

டைரக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னய்யா, திடீர்னு பாசம் பொங்குது?"

"பாசமா? என் எட்டு வருஷத்தை நாசமாக்கினவ சார் அவ. எதிர்ல வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். நான் படத்துக்காகப் பேசறேன்."

முதல் பாதி பொய்யில்லை. அவளும் இவரைப் பற்றி ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் தங்கை வேஷமும் தோழி வேஷமுமாகக் காலம் தள்ளியவளுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேஷம் இந்த நர்ஸ். இதுவும் போனால், மறுபடி கதாநாயகிக்குப் பின்னால் நின்று சிரிக்கவேண்டியதுதான்.

டைரக்டர் சோபா பக்கம் திரும்பினார். "மேடம், அவளுக்கு நடிப்பே வரலை. ஒரு வரி வசனத்துக்கு முப்பத்தோரு டேக். ஒன்மோர், ஒன்மோர்னு கத்தி என் தொண்டையே போச்சு. யூனிட்ல யாரை வேணா கேளுங்க."

"நானும் கேள்விப்பட்டேன். அப்ப தூக்கிடுங்க," என்றார் தயாரிப்பாளர்.

டைரக்டர் எடிட்டரின் தோளைத் தட்டினார். "அப்படியே அவளை எடுத்த ரஷ் மொத்தத்தையும் அழிச்சிடு. சும்மா டிஸ்க்ல இடத்தை அடைச்சிக்கிட்டு."

"அழிக்கிறதுக்கு முன்னாடி மேடம் ஒரு டேக் பாத்துடட்டுமே."

"நான் சொன்னதைச் செய். இல்லேன்னா வெளிய போ. நாளைக்கே இந்த நாற்காலியில வேற ஆள் உக்காருவான்."

"போறேன் சார். போட்டுக் காட்டிட்டுப் போறேன்."

தயாரிப்பாளருக்கு இந்தச் சண்டை அலுத்துவிட்டது. "ஒரு நிமிஷம்தானே. போடுங்கய்யா."

திரையில் முப்பதாவது டேக். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நர்ஸ், தன் ஒரு வரி வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அழாமல் சொன்னாள், ஆனால் கேட்கிறவரை அழவைக்கும்படி சொன்னாள். உடனே டைரக்டரின் குரல் 'கட்' என்றது.

"நல்லாத்தானே பண்றா?" தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போதும், நிறுத்து," என்று டைரக்டர் கீபோர்டுக்குக் கை நீட்டினார். எடிட்டர் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

'கட்' சொன்ன பிறகும் கேமரா கொஞ்ச நேரம் ஓடும். அந்த மிச்சத்தை ரசிகர்கள் பார்ப்பதில்லை. எடிட்டர் பார்த்தாக வேண்டும். திரையில் டைரக்டர் சிரித்துக்கொண்டே வந்து அவள் காதருகே குனிந்தார். அவள் காலரில் மைக் இருந்தது அவருக்கு மறந்துவிட்டது போலும். கிசுகிசுப்புதான், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"நீ என் ரூமுக்கு வர்ற வரைக்கும் ஒன்மோர்தான்."