அத்தை நீட்டிய கைகள்

சமையலறைத் தரையில் ஜன்னல் வெயில் சதுரமாக விழுந்திருக்கிறது. அதற்குள் அம்மாவும் ஆறு வயது மகளும் உட்கார்ந்து, தட்டு நிறையக் கிடக்கும் சட்டைப் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். கணக்கு வகுப்பென்றாலே வாந்தியெடுத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அம்மாவே வீட்டில் சொல்லித்தருகிறாள். அதைத் தட்டிக்கேட்க வந்திருக்கும் அத்தை, தோள்பையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். "இது விளையாட்டு அண்ணி. படிப்பா இது?" பிறகு குனிந்து, "ஏழும் அஞ்சும் எவ்வளவு கண்ணு?" என்கிறாள். சிறுமியின் விரல்கள் நின்றுவிடுகின்றன. தோள்கள் காதுவரை ஏறுகின்றன. அடுப்பில் பாத்திர மூடி லேசாகக் கடகடக்கிறது.

சிறுமி எழுந்துபோய் இரண்டு துணிப்பைகளில் உருளைக்கிழங்கு போட்டு எடுத்துவருகிறாள், ஒன்றில் ஏழு, மற்றதில் ஐந்து. "கையை நீட்டுங்க அத்தை. கண்ணை மூடிக்கணும்." அத்தை அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீட்டுகிறாள். கைக்கொன்றாகப் பைகள் தொங்குகின்றன. "எந்தப் பக்கம் கனம்?" "இந்தப் பக்கம்." கனத்த பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மற்றதில் போடுகிறாள் சிறுமி. "இப்ப?" அத்தை புருவத்தைச் சுருக்கி, மணிக்கட்டுகளை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள். "சமமா இருக்கே." சிறுமியின் தோள்கள் தணிகின்றன. "அப்ப ரெண்டு ஆறு. பன்னெண்டு." அம்மா எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் தணிக்கிறாள். அத்தை கைகளை இறக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "ம், அடுத்த கணக்கைப் போடு" என்கிறாள்.