சுவரில் ஒட்டிய நோயாளி

டாக்டர் படிப்பையும் மானுடவியல் ஆராய்ச்சியையும் சேர்த்துப் படிப்பதற்கான நேர்முகத் தேர்வு, மினசோட்டாவில். நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருந்தார்கள். 'உள்ளே இருப்பவர் மாத்திரை சாப்பிட மறுக்கிறார். பேசவும்' என்று இரண்டு கதவுகளுக்கு நடுவே சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, தேர்வுக்கு வந்திருந்த டெஸ்ஸா ஒரு கதவைத் திறந்தாள்.

மாத்திரை டப்பாவும் கையுமாக ஒரு பெரியவர் திருதிருவென முழித்தார்.

"ஏன் சார் சாப்பிடல?"

"சாப்பிட்டா தூக்கம் தூக்கமா வருதும்மா. வேலை ஓடல."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் எங்க கேட்டார்? பிரஷரைப் பாத்தார், அனுப்பிட்டார்."

"வீட்ல?"

"பொண்டாட்டி திட்டுவா. அதான் இங்க வந்து ஒளிஞ்சிருக்கேன்."

டெஸ்ஸா சிரித்துவிட்டாள். "ராத்திரி போட்டுக்கலாமான்னு டாக்டருக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

கேட்டார். தாராளமாகப் போடலாமாம். பெரியவர் முகம் மலர்ந்தது. நேரம் முடிந்ததற்கான மணியும் அடித்தது.

"பிரமாதமா நடிச்சீங்க சார்!"

"நடிப்பா? நடிகர் அடுத்த ரூம்ல இருக்கார். நான் மானுடவியல் பேராசிரியர்."

"அப்போ என் மார்க்?"

"அந்த ரூமுக்கு சைபர்தான். மத்தியானம் உன்னை இன்டர்வியூ பண்றது நான். கேள்வியை எல்லாம் நீயே கேட்டுட்ட, இனி மார்க் போடறதுதான் பாக்கி. ஆனா தேர்வுக் குழுத் தலைவிகிட்ட மட்டும் நான் இங்க ஒளிஞ்சதைச் சொல்லிடாத."

"ஏன் சார்?"

"திட்டுவான்னு சொன்னேனே, அவதான்!"