நாரையின் கால்

வேங்கிக்கால் ஏரிமேல் பறந்த நாரை, சுதீர் அண்ணனின் ஸ்டுடியோ திரையில் சிறகு விரித்திருக்கிறது. கண்காட்சிக்கு அனுப்புமுன் திருத்தித் தரச்சொல்லி நான் கொண்டுவந்த படம். "முன்னாடி இடம் வுடணும்மா. இல்லன்னா அது எங்க போவும்?" என்கிறார். சரிதான். பின்பக்கத்தை வெட்டியதும் நாரை உண்மையிலேயே பறக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுகிறார், இறகு இறகாகத் தெரிகிறது. வெளியே மலை சுற்ற வந்தவர்களின் பேருந்து ஹாரன் அலறுகிறது. கல்யாண ஆல்பத்தில் ஒயரை அழிக்கிற அதே பழக்கத்தில் மவுஸை ஒரு இழு இழுக்கிறார். காலை இறுக்கித் தொங்கிய தூண்டிலின் நைலான் நரம்பு போய்விட்டது. கூடவே காலும். அந்த நரம்பை ஊர் பார்க்கட்டும் என்றுதானே விடிந்ததிலிருந்து சேற்றில் நின்றேன்? "ண்ணா, காலு எங்க?" "அசிங்கமா தொங்கினு இருந்துச்சே, கிளீன் பண்ணிட்டேன். பறக்கறதுக்குக் காலு எதுக்கும்மா? பரிசு உனக்குத்தான் பாரு." திரையில் காலில்லாத நாரை பளபளக்கிறது. "எறங்கறதுக்குண்ணா!" நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது, அவர் கை மவுஸை விட்டு விலகுகிறது. நானே விசைப்பலகையை இழுத்து அழித்ததைத் திருப்புகிறேன். கால் வருகிறது. நரம்பும் அதை இறுக்கிக்கொண்டே வருகிறது.