நாலாம் ஆளுக்கு ஒரு கல்

மூன்று பேராகப் பயணம் போனால் காரியம் உருப்படாது என்பது கமலேஸ்வரியின் நம்பிக்கை. பதினெட்டு வயது மகள் மேனுகா புது லைசென்ஸோடு, பள்ளிச் சிநேகிதர்கள் றொசானாவையும் எறிக்கையும் ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் கூடாரமடிக்கப் புறப்பட்டாள். கமலேஸ்வரி டண்டினொங் வீட்டு முற்றத்தில் கிடந்த கல்லொன்றைக் கழுவிப் பின்சீற்றில் வைத்தாள்.

"இப்ப நீங்கள் நாலு பேர். போட்டு வாங்கோ."

"கல்லு சைவமோ மச்சமோ, அன்ரி?" என்று றொசானா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாலைவனத்தில் அந்தக் கல்லால்தான் கூடார முளைகளை அடித்தார்கள். எறிக் அதன் முன்னால் ஒரு சொசேஜ்கூட வைத்தான். இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அதை மணலிலேயே மறந்துவிட்டார்கள்.

பத்து நிமிடம் ஓடியதும் கார் கத்தத் தொடங்கியது. பின்சீற்றில் றொசானாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் பெல்ற் போடவில்லையாம். அங்கே யாருமில்லை, ஒரு பைகூட இல்லை. ஐந்து மணி நேரம் இந்தச் சத்தத்தைக் கேட்க யாரால் முடியும்? றொசானா வெறும் சீற்றுக்குப் பெல்ற்றைப் பூட்டினாள். சத்தம் நின்றது. எறிக் பாட்டுப் போட்டான்.

வீட்டு வாசலில் கமலேஸ்வரி காத்து நின்றாள். மூவரும் இறங்கினார்கள்.

"கல்லு எங்க?"

"மறந்திட்டு வந்திட்டம், அம்மா."

"ஐயோ! அப்ப இவ்வளவு தூரமும் மூண்டு பேராவே வந்தனியள்?"

காருக்குள் ஒரு பெல்ற் கழன்று சுருண்டுகொள்ளும் சத்தம் கேட்டது.

"இல்லை, அன்ரி" என்றாள் றொசானா.