பதினான்காவது வரி

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் புதிதாக உண்டாக்கிய வார்த்தைகளின் பட்டியல், பொருளோடு, திங்கட்கிழமைதோறும் எப்சிபாவின் திரைக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதுவதைப் படித்து, ஆபத்தானதை நிறுத்துவதும் மற்றதை அனுப்புவதும் அவள் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஏழு நொடி. இன்று பதினான்காவது வரியில் அவள் கை நின்றுவிட்டது. 'ஸ்னூசிஃபை: உயிரை மாய்த்துக்கொள்ளுதல்.' போன வியாழக்கிழமை ஒரு பிள்ளை, பள்ளி விட்டதும் ஸ்னூசிஃபை செய்யப் போகிறேன் என்று எழுதியிருந்தது. ஸ்னூஸ் என்றால் குட்டித் தூக்கம்தானே, அதற்கு என்ன அழகான வார்த்தை என்று சிரித்தபடியே அதை அனுப்பிவைத்தாள். வீட்டுக்குப் போய்த் தங்கை ஜெபாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மேற்பார்வையாளர் ஞானவேலிடம் ஓடினாள். "சார், வியாழக்கிழமை பாத்த ஒண்ணத் திரும்ப எடுக்க முடியுமா?"

"அனுப்புனது அனுப்புனதுதாம்மா. போய் உக்காரு, வரிசை ஏறிக்கிட்டே போவுது."

உட்கார முடியவில்லை. பைக்குள் கைபேசி அதிர்ந்தது. ஜெபாதான். 'அக்கா, தலவலி, லீவு போட்டுட்டேன். ஸ்னூசிஃபை பண்ணப் போறேன்.'

தான் சொல்லிக்கொடுத்த தூக்கம்தான் அது என்று தெரிந்தும், படிக்கட்டுக்கு ஓடிப்போய் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜெபா எடுத்தாள்.

"என்னக்கா, தூங்க விடமாட்டியா?"

"தூங்காத," என்றாள் எப்சிபா. "எங்கிட்டப் பேசிக்கிட்டே இரு."