விரிசல் விட்ட முட்டை

பல பள்ளிகளில் படம் காட்டிய ஒரு புரொஜெக்டர், புதிதாக ஒரு வகுப்பறைக்கு வந்தது. முதல் நாளே கோழிமுட்டைப் படம். முட்டையில் விரிசல் விட்டது. குஞ்சின் அலகு எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் இமை கொட்டவில்லை. புரொஜெக்டருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மரகதவல்லி டீச்சர் படத்தை அப்படியே நிறுத்திவிட்டார்.

"போச்சு! என்னைப் பிடிக்கல போல. இனி பெட்டிக்குள்ளதான் வாசம்" என்று முனகியது புரொஜெக்டர்.

"கொஞ்சம் பொறு" என்றது மேஜைமேல் கிடந்த சாக்பீஸ். "எங்க டீச்சரை உனக்குத் தெரியாது."

டீச்சர் கேட்டார்: "உள்ள அசையவே இடமில்லை. அப்புறம் ஓடு எப்படி உடைஞ்சுச்சு?"

"தாய்க்கோழி கொத்தும்!"

"இல்ல டீச்சர், குஞ்சு உதைக்கும்!"

வகுப்பே இரண்டுபட்டது. வகுப்பில் எப்போதும் வாயே திறக்காத நாச்சியார் எழுந்து, திரைக்கு அருகே போய் விரலை வைத்தாள். "டீச்சர், அலகு நுனியில முள்ளு மாதிரி ஒண்ணு இருக்கு. அதாலதான் குத்தியிருக்கு!"

டீச்சரின் முகம் மலர்ந்தது.

புரொஜெக்டர் சாக்பீஸிடம் சொன்னது: "எத்தனை வருஷமா இந்தப் படத்தை ஓட்டுறேன்! அந்த முள்ளை நானே இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

மறுநாள் அடுத்த வகுப்புக்கும் அதே படம். விரிசல் விட்டதுமே புரொஜெக்டர் பரபரத்தது.

"நிறுத்துங்க டீச்சர், நிறுத்துங்க! இவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்கணும்."